ரயில்வே வேலை என்றால் அன்றைக்கு அரசாங்க வேலையா? நேயர் கேள்விக்கு விளக்கம்

கொடுங்கையூரிலிருந்து நேயர் ஒருவர் ஒரு படத்தையும் ஒரு கேள்வியையும் அனுப்பியிருக்கிறார். படத்தில் இருப்பது விளிம்பில் துளையிட்டு நடுவில் எண் பொறித்த, கட்டை விரல் அகலமுள்ள ஒரு பித்தளை வில்லை. அவருடைய கொள்ளுத்தாத்தா 1910 வாக்கில் பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில், பாய்லர் பகுதியில் வேலை பார்த்தாராம். 'அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர் ஏன் பென்ஷனும் இல்லாமல், சொந்த வீடும் இல்லாமல் போனார்? குடும்பத்தில் சிலர் சொல்வதுபோல் அவர் ஊதாரியா?' என்று கேட்கிறார்.

முதலில் 'அரசாங்க உத்தியோகம்' என்பதைச் சரிசெய்துகொள்வோம். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயிலை ஓட்டியது மதராஸ் ரயில்வே என்ற தனியார் கம்பெனி. பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பும் அந்தக் காலத்திலேயே தொடங்கியதுதான். 1908-இல் அந்தக் கம்பெனியின் பாதையும் சதர்ன் மராட்டா ரயில்வேயும் இணைந்து, வடசென்னைக்காரர்கள் இன்றும் 'எம் அண்ட் எஸ் எம்' என்று சொல்லும் கம்பெனி உருவானது. தண்டவாளம் அரசுக்குச் சொந்தம் என்றாலும், அதை ஒப்பந்தத்தின் பேரில் நடத்தியவர்கள் லண்டனில் உட்கார்ந்திருந்த இயக்குநர்கள். அரசு அதை நேரடியாக எடுத்துக்கொண்டது 1944-இல். தெற்கு ரயில்வே பிறந்தது 1951-இல். ரயில்வே ஊழியர்களுக்குப் பென்ஷன் திட்டம் வந்தது 1957-இல். ஆகவே உங்கள் கொள்ளுத்தாத்தா கம்பெனிக்காரர். பென்ஷன் அவருக்கு மறுக்கப்படவில்லை, அப்படி ஒன்று அவர் காலத்தில் இருக்கவேயில்லை.

இருந்தது கிராஜுவிட்டி. 'நல்ல, திறமையான, விசுவாசமான, தொடர்ச்சியான' சேவைக்கு நிர்வாகம் மனமுவந்து தரும் தொகை என்பது அதன் பொருள். இந்த நான்கில் 'தொடர்ச்சியான' என்ற சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன். பிராவிடண்ட் ஃபண்டும் உண்டு என்றாலும், குறைந்த கூலிக்காரர்களில் பெரும்பாலோர் அதற்கு வெளியில்தான் இருந்தார்கள்.

இனி அந்த வில்லை. அதுதான் டோக்கன். ஒர்க்‌ஷாப் சங்கு, அதாவது சைரன், ஊதுவதற்குள் கேட்டுக்குள் நுழைந்து, தன் எண்ணுள்ள டோக்கனை டைம் ஆபீஸ் பெட்டியில் போட்டால்தான் அன்றைக்கு ஆள் வந்ததாகக் கணக்கு. பெட்டியை மூடிவிட்டால் வாசலில் நிற்பவருக்கு அந்த வேளைக் கூலி போயிற்று. கடிகாரம் வைத்திருந்த வீடுகள் குறைவு என்பதால், வியாசர்பாடி, புளியந்தோப்பு, அயனாவரம் பக்கத்துக் குடும்பங்கள் உலை வைத்தது, பிள்ளையை எழுப்பியது எல்லாமே சங்குச் சத்தத்தை வைத்துத்தான். பின்னி துணி ஆலையின் சங்கும் பக்கத்திலேயே ஊதும். எது எந்தச் சங்கு என்று பிரித்தறிய அந்தப் பகுதிப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாய்லர் பகுதியின் வேலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நீராவி எஞ்சினின் கொதிகலன் என்பது இரும்புத் தகடுகளை வளைத்து, ஒன்றன் விளிம்பை மற்றொன்றின் மேல் ஏற்றி, நூற்றுக்கணக்கான ரிவிட்டுகளால் பிணைத்த ஓர் உருளை. ஒருவர் உலையில் ரிவிட்டைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி இடுக்கியால் எடுத்துக் கொடுக்க, ஒருவர் கொதிகலனுக்கு உள்ளே குந்தியபடி கனத்த இரும்பால் அதன் தலையை அழுத்திப் பிடித்துக்கொள்ள, வெளியில் இருப்பவர்கள் அது ஆறுவதற்குள் மறுமுனையை அடித்துத் தட்டையாக்க வேண்டும். வெளியே விழும் ஒவ்வோர் அடியும் உள்ளே இருப்பவர் காதில் கோயில் மணிக்குள் தலையை விட்டதுபோல் இறங்கும். சில ஆண்டுகளில் காது மந்தமாகும். பாய்லர்க்காரர் என்றால் காது கேட்காதவர் என்பது உலகெங்கும் உள்ள வழக்கு. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற பாய்லர்க்காரர் ஒருவர் இருந்தார். அவர் மனைவியிடம் ரகசியம் சொன்னால் நான்கு வீடு தள்ளி நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம்.

இந்த வேலைக்கு நாளொன்றுக்கு 11 மணி, வாரத்துக்கு 60 மணி என்ற வரம்பே 1922-இல்தான் சட்டமானது. அடிபட்டால் இழப்பீடு என்ற உரிமை 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதற்கு முன் கிடைத்ததெல்லாம் துரையின் தயவு. மேல் பதவிகளில் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் இருந்தனர், குவார்ட்டர்ஸும் பெரும்பாலும் அவர்களுக்கே. கலாசி எனப்பட்ட எடுபிடித் தொழிலாளியும் சம்மட்டிக்காரரும் ஓலைக் குடிசையிலோ ஒண்டுக் குடித்தனத்திலோ இருந்தார்கள்.

ஊதாரியா என்று கேட்டீர்கள். சம்பளம் மாதம் முடிந்து எத்தனை நாளுக்குள் தரப்பட வேண்டும் என்ற சட்டமே 1936-இல்தான் வந்தது. அபராதத்தை ரூபாய்க்கு அரையணாவுக்கு மேல் பிடிக்கக்கூடாது என்றதும் அதே சட்டம். சம்பளம் தள்ளிப்போகும், வயிறு தள்ளிப்போகாது. கடன் கொடுத்த ஈட்டிக்காரர் சம்பள நாளன்று கேட்டுக்கு வெளியே நிற்பார்; கையில் வாங்கிய பணத்தில் வட்டி அங்கேயே கழிந்துவிடும். இப்படிப்பட்ட வரவில் வீடு கட்டாதவரை ஊதாரி என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

1918-இல் பி.பி. வாடியா, திரு.வி.க. முதலியோர் முன்னின்ற சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூர்ப் பின்னி துணி ஆலைத் தொழிலாளரிடையே உருவானது. அடுத்த ஆண்டே எம் அண்ட் எஸ் எம் தொழிலாளருக்கும் சங்கம் வந்தது. உலகப் பொருளாதார மந்தத்தின்போது கம்பெனி ஆள்குறைப்பில் இறங்க, 1932 அக்டோபரில் பெரம்பூர்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது 1933 ஜனவரி வரை நீண்டது. இப்போது அந்தத் 'தொடர்ச்சியான' என்ற சொல்லுக்கு வருவோம். வேலைநிறுத்தத்தில் நின்ற நாளைச் சேவை முறிந்த நாளாகக் கணக்கெழுதுவது ரயில்வேக்களின் பழைய ஆயுதம். எழுதிவிட்டால் இருபது ஆண்டு உழைப்பின் கிராஜுவிட்டியும் ஆட்டம் காணும்.

எனவே சகோதரி, வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள். கொள்ளுத்தாத்தா எந்த ஆண்டில் வேலையை விட்டு வந்தார்? வேலையை விடுபவர் டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் கணக்கு முடிப்பார். உங்கள் வீட்டில் அது இன்னும் இருக்கிறது. பதில் 1932 அல்லது 1933 என்று வந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.