யாரைச் சுடுறது?

வணக்கங்க. இன்னைக்கு ஒரு நாவலோட ஒரே ஒரு அத்தியாயத்தைப் பத்தித்தான் பேசப் போறேன். ஜான் ஸ்டைன்பெக் எழுதுன ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’, 1939-ல வந்தது. அதுல அஞ்சாவது அத்தியாயம். நேத்து ராத்திரி திரும்பவும் படிச்சுட்டு ரொம்ப நேரம் தூங்காம கிடந்தேன்.

இடம் அமெரிக்காவோட ஓக்லஹோமா மாநிலம். புழுதி, வறட்சி, கடன். குத்தகைக்கு உழுதவங்களை வெளிய போகச் சொல்லியாச்சு. ஒரு டிராக்டர் இருந்தா பன்னெண்டு, பதினாலு குடும்பத்தோட வேலை முடிஞ்சிடும். அந்த டிராக்டரை ஓட்டிட்டு வர்றது யாரு? பக்கத்து வீட்டு ஜோ டேவிஸோட பையன்! ஒரு நாளைக்கு மூணு டாலர் கூலி. அவனுக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு, அதுங்களும் சாப்பிடணும்.

"என் வீட்டை இடிச்சா உன்னைச் சுட்டுருவேன்டா"ங்கிறார் குத்தகைக்காரர். "என்னைச் சுட்டா உங்களைத் தூக்குல போடுவாங்க, அதுக்கு முன்னாடியே வேற ஒருத்தன் டிராக்டர்ல வந்துருவான்"ங்கிறான் பையன். சரி, உனக்கு உத்தரவு போட்டது யாரு? உத்தரவு போட்டவருக்கு பேங்க் சொல்லுச்சு. பேங்குக்கு? கிழக்கே இருந்து உத்தரவு வருது. அப்போ நான் யாரைத்தான் சுடுறது? பையனுக்கும் தெரியல. டிராக்டர் வீட்டோட ஒரு மூலையைப் பேத்துட்டுப் போகுது. மனுஷன் துப்பாக்கியைக் கையில வெச்சுக்கிட்டு பார்த்துட்டே நிக்கிறார்.

வில்லன்னு ஒருத்தனைக் காட்டியிருந்தா நமக்கு மனசு ஆறியிருக்கும். ஸ்டைன்பெக் அதைத் தரல. அதனாலதான் எனக்கு இந்த அத்தியாயம் இவ்வளவு பெருசு.

இப்படி வீடு நிலம் போனவங்க, நாவல்ல அடுத்து, கலிஃபோர்னியா போனா பொழைச்சுக்கலாம்னு கிளம்புறாங்க. வழியில ஒருத்தர் கணக்கு சொல்றார்: வேணுங்கிறது 800 ஆளு, வேலைக்கு ஆள் தேவைன்னு அடிக்கிறது 5,000 நோட்டீஸ். ஆளு குவிஞ்சா கூலி தானா இறங்கிடும். தன் ரெண்டு புள்ளைங்களையும் பொண்டாட்டியையும் பறிகொடுத்துட்டுத் திரும்பி வர்ற மனுஷன் சொல்ற கணக்கு அது.

ஸ்டைன்பெக் இதை உக்காந்த இடத்துல கற்பனை பண்ணல. 1936-லயே கலிஃபோர்னியாவுல இப்படிப் பொழைக்க வந்தவங்களோட முகாம் முகாமா சுத்தி, ‘சான் ஃபிரான்சிஸ்கோ நியூஸ்’ல ஏழு கட்டுரை எழுதினார். ஒரு குறை சொல்லியே ஆகணும். இவங்களுக்கு முன்னாடியே அதே கலிஃபோர்னியா தோட்டங்கள்ல பாடுபட்ட மெக்சிகோ, ஃபிலிப்பைன்ஸ் தொழிலாளிங்க நாவல்ல கிட்டத்தட்ட இல்லவே இல்ல. அது எனக்கு வலிக்குது.

புத்தகம் வந்த அதே வருஷம் ஆகஸ்ட்ல, கலிஃபோர்னியாவோட கெர்ன் கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) நிர்வாகம் நாலுக்கு ஒண்ணுன்னு ஓட்டுப் போட்டு, கவுண்டி நூலகத்துலயும் பள்ளிக்கூடத்துலயும் இதைத் தடை பண்ணுச்சு. நாவல்ல வர்ற வீட்பேட்ச்ங்கிற, பொழைக்க வந்தவங்க தங்குற அரசாங்க முகாம் இருந்ததே அந்தக் கவுண்டியிலதான். நூலகர் எதிர்த்துக் கடிதம் எழுதிப் பார்த்தாங்க, நடக்கல. 1941 ஜனவரியிலதான் புத்தகம் திரும்ப அலமாரிக்கு வந்துச்சு.