ஒரே முற்றம், ஐந்து கோப்புகள்

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் என் அறையிலிருந்து பேசுகிறேன். தகரக் கூரையில் மழை கொட்டுகிறது, சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று நிரல் எழுதும்போது வரும் கிளாஸ் பற்றி, அதாவது ஒரு வேலைக்கான தரவையும் கட்டளைகளையும் சேர்த்துக் கட்டிவைக்கும் நிரல் பகுதி பற்றி. அதைப் பல கோப்புகளாக வெட்டினால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். பாடப்புத்தகம் அதை வகுப்பு என்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்தில் வகுப்பு என்றாலே பிள்ளைகள் பின்னேரம் சைக்கிளில் ஓடுகிற ரியூசன்தான் நினைவுக்கு வரும். ஆகவே கிளாஸ் என்றே சொல்கிறேன்.

ஒரு ஹாட்வெயர் கடைக்கு சி ஷார்ப் என்ற நிரல் மொழியில் பில் போடும் மென்பொருள் எழுதினேன். பில் கிளாஸ் 3,200 வரிக்கு வளர்ந்துவிட்டது. ஒரு கிளாஸைத் துண்டு துண்டாக எழுதவிடும் பார்ஷியல் என்ற சொல்லைப் போட்டு அதை ஐந்து கோப்புகளாக வெட்டினேன். பெரிய வேலை செய்துவிட்ட பெருமை எனக்கு!

இந்த வசதி 2005இல் சி ஷார்ப் 2.0உடன் வந்தது. அதற்கு முன்பு, திரையில் பொத்தானை இழுத்து வைத்தால் விஷுவல் ஸ்டூடியோ என்ற நிரல் எழுதும் கருவி தானாக எழுதும் வரிகளும் நாம் எழுதும் வரிகளும் ஒரே கோப்பில் கிடந்தன. தவறிக் கைவைத்தால் திரை வடிவமே குழம்பும். பார்ஷியல் வந்தபின் கருவி எழுதும் வரிகள் டிசைனர் என்ற தனிக் கோப்புக்குப் போயின. இயந்திரம் எழுதுவது ஒரு பக்கம், மனிதன் எழுதுவது மறுபக்கம். அதற்கு இது அருமையான வழி.

நான் செய்தது வேறு. நாம் எழுதுவதைக் கணினிக்கேற்ப மாற்றும் கம்பைலர் ஐந்தையும் சேர்த்து ஒரே கிளாஸாகத்தான் பார்க்கிறது. நாற்சார் வீட்டுக்கு நாலு பக்கம் இருந்தாலும் முற்றம் ஒன்றுதானே? பிரைவேட் என்று போட்டு வெளியாருக்கு ஒளித்த மாறியை, அதாவது மதிப்பை வைத்திருக்கும் பெயரை, ஐந்து கோப்பும் தொடலாம்.

அடி விழுந்தது இங்கேதான். வற் என்ற பெறுமதி சேர் வரியின் வீதம் 18 என்பது ஒரு கோப்பில் ஸ்டாட்டிக் மாறி, அதாவது கிளாஸ் முழுவதற்கும் ஒன்றேயான மாறி. அதை நூறால் வகுத்து வைக்கும் ஸ்டாட்டிக் மாறி இன்னொரு கோப்பில். ஒரு கோப்புக்குள் என்றால் மேலிருந்து கீழாக மதிப்பு ஏறும். கோப்புகளுக்கிடையே எது முதலில் என்று மொழி உறுதி தருவதில்லை. ஒருநாள் அழகுக்காகக் கோப்பின் பெயரை மாற்றினேன். வரிசை மாறி, வீதத்துக்கு 18 ஏறும் முன்பே, அது சுழியமாக இருக்கும்போதே வகுத்தல் நடந்துவிட்டது. அடுத்த நாள் காலையில் எல்லா பில்லிலும் வற் சுழியம். கடைக்கார அண்ணர் தொலைபேசியில், "தம்பி, அரசாங்கம் வரியை எடுத்துவிட்டதோ?" என்றார்.

மற்ற நிரல் மொழிகளைப் பாருங்கள். ஜாவாவில் இந்த வசதியே இல்லை, கிளாஸின் உடல் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். சி பிளஸ் பிளஸில் கிளாஸின் வரையறை ஓரிடத்தில் முழுதாக இருக்கும், ஃபங்ஷன்கள் எனும் கட்டளைத் தொகுதிகளின் உடலை மட்டும் பல கோப்புகளில் எழுதலாம். ஸ்விஃப்டில் கிளாஸுக்கு வேறிடத்தில் பகுதி சேர்க்கும் எக்ஸ்டென்ஷனில், ஸ்டாட்டிக் அல்லாத, தரவைச் சேமிக்கும் மாறி வைக்க முடியாது. ஜாவாவின் ஒரே கோப்புக் கண்டிப்பு அன்று எனக்கு இருந்திருந்தால் அண்ணர் அழைத்திருக்க மாட்டார்.

இதோ திரையில் பாருங்கள். வரிக் கணக்கைத் தனிக் கிளாஸாக வெளியே எடுத்துவிட்டேன். தொகையைக் கொடுத்தால் வரியைத் தரும், பில்லைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கையிருப்புக் கணக்கும் அப்படியே தனிக் கிளாஸாகப் போய்விட்டது. அச்சிடும் பகுதி மட்டும் இன்னும் பார்ஷியலாகவே தொங்குகிறது, அதை அடுத்த கிழமை உங்கள் முன்னாலேயே பிரிக்கிறேன்.