பாதிக் கிணறு தாண்டாதே

(தருமபுரியில் நடந்த சபை ஐக்கியக் கூட்டத்தில் பேசியது)

மேடையில் வீற்றிருக்கும் மரியாதைக்குரிய போதகர் ஐயா அவர்களே, பாலக்கோட்டிலிருந்தும் அரூரிலிருந்தும் வந்திருக்கும் ஊழியர்களே, வேறு மதத்தவராக இருந்தும் எங்கள் அழைப்பை மதித்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கவுன்சிலர் அம்மா அவர்களே, பந்தல் போட்ட தம்பிகளே, பின்னால் புகையில் கண் கலங்கச் சாப்பாடு செய்துகொண்டிருக்கும் தாய்மார்களே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். செயலாளர் அண்ணன் போட்ட பொன்னாடைக்கு நன்றி. அடுத்த வருஷம் அந்தக் காசுக்கு ஒரு வேதாகமம் வாங்கி ஒரு பிள்ளையின் கையில் கொடுங்கள். போன வருஷமும் இதைத்தான் கேட்டேன்.

சந்தேகங்கள் இருக்கும்போது வேதம் முழுவதையும் நம்புவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று காரியம் சொல்லலாம் என்று வந்தேன். சந்தேகம் பாவமா என்பது ஒன்று. வேதத்தின் கடினமான பக்கங்களை என்ன செய்வது என்பது இரண்டு. பழைய கைப்பிரதிகள் என்ன சொல்கின்றன என்பது மூன்று.

முதலாவது, தோமா. பறங்கிமலையில் இரத்தசாட்சியாக மரித்தார் என்று நம் பாரம்பரியம் சொல்லுகிற அதே தோமா. இயேசு உயிரோடு எழுந்தார் என்று மற்றச் சீஷர்கள் சொன்னபோது, அவர் காயத்தில் விரலை இட்டாலொழிய நம்பமாட்டேன் என்றார். மற்றவர்கள் என்ன செய்தார்கள்? யோவான் 20:26ஐப் பாருங்கள். எட்டு நாளைக்குப் பின்பும் தோமா அவர்களோடுகூட வீட்டுக்குள்ளேதான் இருக்கிறார். யாரும் அவரை வெளியே அனுப்பவில்லை. நம்மிடம் ஒரு பையன் இப்படிக் கேட்டிருந்தால் எட்டு நாள் வைத்திருப்போமா? எட்டு நிமிஷத்தில் விசுவாசத்தை விட்ட ‘பின்மாற்றக்காரன்’ என்று பட்டம் கொடுத்திருப்போம்.

சரி, கடினமான பக்கங்கள். எங்கள் தாத்தா எதற்கெடுத்தாலும் ‘பாதிக் கிணறு தாண்டாதே’ என்பார். நம்ம பக்கத்துக் கிணற்றின் ஆழம் உங்களுக்குத் தெரியும், அதனால் விளக்க வேண்டியதில்லை.

காரிமங்கலம் பக்கத்துத் தம்பி ஒருவர். ஓசூரில் கம்பெனி வேலை, ராத்திரி ஷிப்ட். ஒரு நாள் விடியற்காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல், சாப்பாட்டுத் தூக்கோடு நேராக எங்கள் சபை மூப்பர் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் அங்கே திண்ணையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். “ஐயா, நியாயாதிபதிகள் 19ஆம் அதிகாரம் படிச்சேன். ஒரு பொண்ணை ராத்திரி முழுக்கச் சீரழிக்கிறாங்க. அப்புறம் அவளைப் பன்னிரண்டு துண்டாக்கி ஊர் ஊருக்கு அனுப்பறாங்க. இது எதுக்கு வேதத்துல இருக்கு?” மூப்பர் டீயை ஆற்றினார், ஆற்றினார், ஆற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில், “அதெல்லாம் இப்ப எதுக்குத் தம்பி, சங்கீதம் படி, மனசுக்கு ஆறுதலா இருக்கும்” என்றார்.

அடுத்த வாரம் தம்பி மறுபடியும் வந்தார். வேதத்தின் ஜெபப் பாட்டுகளான சங்கீதம் படித்திருக்கிறார். அவர் நேரம், 137ஆம் சங்கீதம்! பாபிலோன் எருசலேமை அழித்துச் சிறைபிடித்துக் கொண்டுபோனவர்களின் பாட்டு. ‘பாபிலோன் ஆறுகள் அருகே’ என்று அழகாகத்தான் தொடங்குகிறது. கடைசி வசனம்? ‘உன் குழந்தைகளைப் பிடித்து, கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான்.’ “ஆறுதல்னு சொன்னீங்களே ஐயா!” என்றார். மூப்பருக்கு வாய் வரவில்லை.

உள்ளேயிருந்து மூப்பரம்மா வந்தார்கள், களி கிண்டிய துடுப்பைக்கூடக் கீழே வைக்காமல். “ஏன் தம்பி, நம்ம பங்காளி எங்க மாமரத்தையெல்லாம் ராவோடு ராவா வெட்டிச் சாய்ச்சானே, அன்னைக்கு நான் முழங்கால்ல நின்னு என்ன ஜெபம் பண்ணினேன்னு இவருக்குத் தெரியுமா? எழுதி வச்சிருந்தா என்னைச் சபையை விட்டே தள்ளியிருப்பாங்க. கர்த்தர் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தார். பங்காளி இன்னும் நல்லாத்தான் இருக்கான். மரத்துக்கே எனக்கு அப்படின்னா, ஊர் எரிஞ்சு புள்ளையைப் பறிகொடுத்தவன் எப்படிப் பேசுவான்?” என்றார்கள். அப்புறம் தம்பிக்கு ஒரு உருண்டை களி வைத்து, “மொதல்ல சாப்பிடு, மீதியையும் படி” என்றார்கள்.

மீதியையும் படித்தால்தான், நியாயாதிபதிகளின் கடைசி வசனம், ராஜா இல்லாமல் அவனவன் தன் பார்வைக்குச் சரிபோனபடி செய்தான் என்று அந்தக் காலத்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது தெரியும். நடந்ததை எழுதுவது வேறு, அதை மெச்சுவது வேறு. ஆனால் இதைச் சொன்னவுடன் எல்லாக் கேள்வியும் தீர்ந்துவிடாது. அமலேக்கியரைக் குழந்தைகளோடு அழிக்கச் சொல்லுகிற 1 சாமுவேல் 15 இன்றைக்கும் எனக்குத் தொண்டையில் சிக்குகிற அதிகாரம்தான். அதைத் தாண்டிப் போகாமல் அங்கேயே நின்று, ‘ஆண்டவரே, எனக்கு விளங்கவில்லை’ என்று சொல்வதையும் நான் விசுவாசம் என்றுதான் சொல்வேன். ‘எதுவரைக்கும் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே’ என்று ஆபகூக் தீர்க்கதரிசி முறையிட்டதும் வேதத்துக்குள்தானே இருக்கிறது?

பிடிக்காத பக்கத்தை என்ன செய்வது என்று யோயாக்கீம் ராஜா ஒரு வழி காட்டினான். எரேமியா 36. எரேமியா தீர்க்கதரிசியின் சுருளை மூன்று நாலு பத்தி வாசிக்க வாசிக்க, சூரிக்கத்தியால் அறுத்துக் கணப்பு நெருப்பில் போட்டான். நாம் கத்தி எடுப்பதில்லை. ஆறுதலான ஒரு வசனத்தை மட்டும் எடுத்து வாக்குத்தத்த அட்டை அச்சடிக்கிறோம்! வருஷப் பிறப்பு ராத்திரி ஆளுக்கொரு அட்டை. எரேமியா 29:11 இல்லாத வீடு உண்டா? ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ ஆமென். அதற்கு முந்தின வசனம் பாபிலோனில் எழுபது வருஷம் என்கிறதே, அதை எந்தக் காலண்டரில் போட்டார்கள்? பாதிக் கிணறு! எழுபது வருஷத்தை மறைத்துவிட்டு அட்டையைக் கொடுத்தால், ஆறு மாதத்தில் வேலை கிடைக்காத பிள்ளை வேதமே பொய் என்றுதான் நினைப்பான். அவனுடைய சந்தேகத்தில் பாதி நாம் அச்சடித்தது.

மூன்றாவது, கைப்பிரதிகள். போதகர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார், அதனால் ஒரே வார்த்தை. சவக்கடல் அருகே கும்ரான் குகையில் 1947ல் கிடைத்த ஏசாயா சுருள், அதுவரை கைவசம் இருந்த எபிரெயப் பிரதிகளைவிட ஏறக்குறைய ஆயிரம் வருஷம் பழையது. எழுத்திலும் சொல்லிலும் சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டு, ஆனால் நம் கையில் இருக்கும் அதே 66 அதிகார ஏசாயாதான். மீதியை இன்னொரு கூட்டத்தில் பேசலாம்.

இப்போது நான் வந்த காரியம். வருகிற ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு நம் ஆலய வராந்தாவில் வேதத்தை ஆதியாகமத்திலிருந்து வரிசையாக, சத்தமாக வாசிக்கப் போகிறோம். மொத்தம் 1189 அதிகாரம். வாரம் பத்து என்றால் 119 வாரம், ஏறக்குறைய இரண்டேகால் வருஷம். ஒன்றையும் விடுவதில்லை. வாசித்து முடித்ததும் யார் வேண்டுமானாலும் என்ன கேள்வியும் கேட்கலாம். கேட்டவரைக் கண்டிப்பவர் அந்த வாரம் எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். மூப்பர் ஐயா ஒப்புக்கொண்டிருக்கிறார். ஓசூர் ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகளை ஏழு மணி பஸ்ஸுக்கு விட்டுவிடுவோம். புதிய ஏற்பாடு மட்டும் உள்ள சின்னப் புத்தகத்தைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள்.

பேர் கொடுக்க நோட்டு சாப்பாட்டுப் பந்தி வாசலில் இருக்கிறது. முதல் அதிகாரத்துக்கு இப்போதே மூன்று பேர் சண்டை போடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நான்காவது வாரம் 36ஆம் அதிகாரம் வரும், ஏசாவின் வம்ச வரலாறு, முழுக்க முழுக்கப் பெயர்கள்தான். அதற்கு யாரும் வரமாட்டீர்கள் என்று தெரியும். என் பேரை எழுதிவிட்டேன். ஸ்தோத்திரம்.