குழாயைத் திறந்துவிட்டு அழுகிறவர்

நடுவர் அவர்களே! ஆண் பெண் வாக்குவாதத்தில் கண்ணீர் பேச்சை முடித்துவைக்கிறதா, தொடங்கிவைக்கிறதா என்பது தலைப்பு. முடித்துவைக்கிறது என்று எதிரணி நண்பர் அடித்துச் சொன்னார். "அவள் அழுதாள், நான் தோற்றேன்" என்றார். அரங்கமே சிரித்தது, நானும்தான்.

கண்ணீர் ஓர் ஆயுதமாம். சரி, அந்த ஆயுதம் வெளியே வரும் நேரத்தைக் கொஞ்சம் பாருங்கள். தொண்டை அடைக்கிறது. குரல் உடைகிறது. சொல்ல வந்ததில் பாதி உள்ளேயே நின்றுவிடுகிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய், ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவுகிறார். குழாய்ச் சத்தத்தில் மூக்கை உறிஞ்சுவது கேட்காது என்று ஒரு நம்பிக்கை. ஜெயிக்கிறவர் செய்கிற வேலையா இது?

பின்னாலேயே ஒரு குரல் வரும்: "இப்ப எதுக்கு அழுற?" அதுவரை பேச்சு, சொல்லாமல் வாங்கிய கடனைப் பற்றி. அப்புறம் பேச்சு முழுக்க அழுகையைப் பற்றி. திசை திருப்பியது கண்ணீரா, அந்தக் கேள்வியா?

அழுகையை மட்டும் பிடித்துக்கொண்ட எதிரணி, மௌனத்தைத் தொடவே இல்லை. தம்பதிகளின் வாக்குவாதங்களைப் பல ஆண்டுகள் படம்பிடித்து ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், பதிலே பேசாமல் சுவர் மாதிரி உட்கார்ந்துவிடுகிறவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் ஆண்கள் என்கிறார். அந்தச் சுவருக்கு நாம் வைத்திருக்கும் பெயர் பொறுமை!

இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனம் 2023இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. பெண்களின் கண்ணீரை முகர்ந்த ஆண்கள், தங்களை ஏமாற்றிய ஆட்டக்காரரைக் கணினி விளையாட்டில் பழிவாங்குவது 43.7 சதவீதம் குறைந்ததாம். இத்தனைக்கும் அதில் வாசனையே தெரியாது. சோதனைக்கூடம் வேறு, வீட்டுச் சண்டை வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோபம் இறங்கினால்தானே காது திறக்கும்?

நடிப்பு அழுகை இல்லையா என்றால், உண்டு. நடிப்புக் கோபமும்தான் உண்டு. அதற்காகக் கத்துகிறவரை யாரும் நடிகர் என்பதில்லையே!

நடுவரின் கை மணியை நோக்கிப் போகிறது. எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு கேள்வி. "அவள் அழுதாள், நான் தோற்றேன்" என்றீர்களே, அன்றைக்கு எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள்? ஞாபகம் இருக்கிறதா, ஐயா?