டீயின் மேல் படரும் படலம்

நேயர்களுக்கு வணக்கம்.

மழை வந்தால் போதும், எங்கள் காரைக்குடி வீட்டு முற்றத்தில், ஓட்டுத் தண்ணீர் கொட்டும் இடம் பார்த்து அப்பத்தா அண்டாவைத் தூக்கி வைத்துவிடுவார். அந்தத் தண்ணீரில் போட்ட, பால் விடாத டீ அவ்வளவு தெளிவாக இருக்கும். போர் தண்ணீரில் போட்டாலோ, ஆற ஆற மேலே மங்கலாக ஒரு படலம் படியும். கரண்டியால் தொட்டால், காய்ந்த கண்மாய்த் தரை மாதிரி துண்டு துண்டாக விரியும். "உப்புத் தண்ணி, அப்படித்தான் இருக்கும்" என்பார் அப்பத்தா. அவர் சொன்னது சரிதான். ஆனால் உப்பு மட்டும் அந்த வேலையைச் செய்வதில்லை.

தண்ணீர் மேல் படலம் எப்படிப் படர்கிறது என்று தெரிய, முதலில் எண்ணெயைப் பார்ப்போம். பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனில் ஒரு குளத்தில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டார். அது ஏறத்தாழ அரை ஏக்கர், நம் கணக்கில் 50 சென்ட், பரவியதாக 1774-ல் எழுதினார். வகுத்துப் பாருங்கள்: படலத்தின் கனம் சுமார் 2.5 நானோமீட்டர். அதாவது ஒரே ஒரு மூலக்கூறின் உயரம்!

எண்ணெயிலிருந்து கிடைக்கும் கொழுப்பு அமில மூலக்கூறுக்குத் தலையும் வாலும் உண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு ஆகாது. அதனால் தலையைத் தண்ணீரில் வைத்து, வாலை மேலே நீட்டிக்கொண்டு, நாற்றங்கால் பயிர் மாதிரி நெருக்கமாக நிற்கும். இப்படிப்பட்ட படலங்களை முறையாக அளந்தவர் ஜெர்மனியின் ஆக்னஸ் பாக்கல்ஸ். பெண்களுக்குப் பல்கலைக்கழகம் திறக்காத காலம். சமையலறையில், ஒரு தகரத் தொட்டியில் அளந்தார். அவர் எழுதிய கடிதம் 1891-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. அந்தப் பெயரை நம் பள்ளிப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

சரி, உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் என்ற உலோகம் இதில் எங்கே வருகிறது? தண்ணீரில் அமிலத்தன்மை குறைந்தால் அந்தத் தலைகள் ஹைட்ரஜனை விட்டுவிட்டு எதிர்மின்னேற்றம் பெறும். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியத்துக்கோ இரண்டு நேர்மின்னேற்றம். பக்கத்துப் பக்கத்துத் தலைகள் இரண்டை அது ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். தளர்வாக இருந்த படலம் இறுகிவிடும். கேத்தரின் பிளாட்ஜெட் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதையே பேரியம் என்ற இன்னொரு உலோகத்தை வைத்துச் செய்தார். படலத்தைத் தண்ணீரிலிருந்து கண்ணாடிமேல் ஒவ்வொன்றாக ஏற்றி, 44 அடுக்கில், 1938-ல் ஒளியைத் திருப்பி அடிக்காத கண்ணாடியை உருவாக்கினார்.

இப்போது டீக்கு வருவோம். இங்கே கொழுப்பு அமிலம் இல்லை, தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள்தான். அவை மேற்பரப்பில் காற்றுப் பட்டு ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். போர் தண்ணீரின் கால்சியம் அவற்றோடு போய்ச் சேர்ந்துகொள்ள, படலம் கட்டுகிறது. மழைத் தண்ணீரில் கால்சியம் இல்லாத குறைதான் அப்பத்தா டீயின் தெளிவு.

நீங்களே பார்க்கலாம். போர் தண்ணீரில் டீயை இரண்டு டம்ளரில் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் நாலு சொட்டு எலுமிச்சம்பழம் பிழியுங்கள். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் கால்சியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அப்புறம் கால் மணி நேரம் கழித்து, ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டையும் சாய்த்துப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.