ஊற்றைக் கண்ட பிறகு வீடு

நடுவர் அவர்களே, எனக்கு முன் பேசி அமர்ந்திருக்கும் எதிரணித் தலைவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

தொலைதூரத் தீவொன்றில் புதுவாழ்வு தொடங்க நினைக்கும் குடும்பம், நிலம் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது படகு வந்து அணையும் துறையையா, நன்னீர் சுரக்கும் ஊற்றையா என்பது இன்றைய தலைப்பு. துறையே என்று எதிரணித் தலைவர் மூன்று காரணங்களைச் சொன்னார். உப்பும் மருந்தும் விதையும் கடல்வழியேதான் வந்தாக வேண்டும் என்றார். ஆபத்து என்று வந்தால் கப்பலைக் கண்ணால் காண்பவனுக்குத்தான் உதவி கிடைக்கும் என்றார். தொலைதீவு ஊர்கள் கரையோரத்திலேயே அமைந்திருக்கின்றன என்று சொல்லி தென் அட்லாண்டிக் கடலில் தனித்துக் கிடக்கும் டிரிஸ்டன் டா குன்யா தீவைச் சாட்சிக்கு அழைத்தார். மூன்றுக்கும் விடை உண்டு. அதற்கு முன், உண்மையாகவே ஒரு தீவுக்குப் போய் நிலம் தேடிய ஒரு குடும்பத்தை இந்த அவைக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

ஈக்வடார் நாட்டின் கரையிலிருந்து ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் கடலில் இருக்கும் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் ஃபுளோரியானா என்றொரு தீவு உண்டு. 1932ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜெர்மனியின் கொலோன் நகரத்தைச் சேர்ந்த ஹைன்ஸ் விட்மர், அவர் மனைவி மார்கரெட், ஹைன்ஸின் முதல் தாரத்து மகன் ஹாரி ஆகிய மூவரும் அங்கே வந்து இறங்கினார்கள். மார்கரெட் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி, சிறுவன் நோஞ்சான். எதிரணித் தலைவரின் அறிவுரை யாருக்கேனும் பொருந்தும் என்றால், அது இந்தக் குடும்பத்துக்குத்தான் பொருந்தியிருக்க வேண்டும். வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் பெண்ணையும் உடல்நலம் குன்றிய சிறுவனையும் வைத்துக்கொண்டு, கப்பல் கண்ணில் படும் கரையை விட்டு யார் விலகுவார்கள்?

அவர்கள் விலகினார்கள். மேட்டு நிலத்தில், அமைதியின் புகலிடம் என்று பொருள்படும் அசிலோ தெ லா பாஸ் என்ற இடத்துக்கு ஏறிப்போனார்கள். அங்கே பாறையடியிலிருந்து நீர் கசியும் ஓர் ஊற்று இருந்தது. அருகில், முற்காலத்தில் கடற்கொள்ளையர் குடைந்தவை என்று சொல்லப்படும் குகைகள் இருந்தன. வீடு கட்டி முடியும்வரை அந்தக் குகையே வீடானது. 1933 சனவரியில் மார்கரெட்டுக்குப் பிறந்த ரோல்ஃப் கண் விழித்ததும் அந்தக் குகையில்தான்.

அது விட்மர்களின் தனிப்பட்ட விருப்பமாக மட்டும் இருந்திருந்தால் நான் இங்கே வந்து வாதாட மாட்டேன். அவர்களுக்கு நூறு ஆண்டுகளுக்கு முன், 1832இல், ஈக்வடார் அத்தீவுகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டு ஃபுளோரியானாவில் ஒரு குடியேற்றத்தை உருவாக்கியது. 1835இல் அங்கே சென்ற சார்லஸ் டார்வின், இருநூறு முந்நூறு பேர் வாழ்ந்த அந்தக் குடியிருப்பு கரையிலிருந்து நாலரை மைல் உள்ளே, ஏறத்தாழ ஆயிரம் அடி உயரத்தில் இருந்ததாகப் பதிவு செய்திருக்கிறார். கீழே இலையற்ற புதர்க்காடு. மேலே ஏற ஏறப் பச்சை. முகட்டைத் தாண்டியதும் தென்காற்றும் செழிப்பான தாவரங்களும். அவர் நடந்துபோன அந்த வழியே எங்கள் அணியின் வாதத்தைச் சொல்லிவிடுகிறது. அத்தீவின் கரையோரம் கள்ளியும் முள்ளும் நிற்கும் வறண்ட நிலம். சூன் முதல் திசம்பர் வரை மேட்டைத் தழுவும் காருவா என்ற மென்தூறல் மூடுபனி கரையை அந்த அளவுக்கு நனைப்பதில்லை. ஒரு நூற்றாண்டு இடைவெளியில், ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு கூட்டத்தார் ஒரே மேட்டைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். பேரிடர் முகாம்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் நீர் வேண்டும் என்பது உலகளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அடிப்படை அளவு. குடிக்கவும் சமைக்கவும் கை கால் கழுவவும் மட்டுமே அது போதும். நான்கு பேருக்கு 60 லிட்டர். ஆண்டுக்கு 21,900 லிட்டர், எடையில் ஏறத்தாழ 22 டன். விதை, கருவி, மருந்து, துணி என்று கப்பல் கொண்டுவரும் அத்தனையையும் தராசின் மறுதட்டில் வைத்தாலும் ஒரு குடும்பத்துக்கு இதில் பாதியாவது தேறுமா? கப்பலோ எப்போதோ ஒருமுறை வருகிறது. தாகம் நாள்தோறும் வருகிறது. எப்போதோ சுமப்பது தொலைவில் இருக்கலாம், அன்றாடம் சுமப்பது பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர எங்கள் அணியிடம் வேறு தத்துவம் எதுவும் இல்லை.

இந்த 60 லிட்டரைக் கரைக்குக் கொண்டுவந்து பாருங்கள். 20 லிட்டர் தகர டப்பா ஒன்று. டார்வின் சொன்ன நாலரை மைலையே தொலைவாக வைத்துக்கொள்வோம். போக வர ஒன்பது மைல், அப்படி மூன்று நடை என்றால் இருபத்தேழு மைல். எந்த மனிதனாலும் நாள்தோறும் இது ஆகாது. கழுதை வாங்குங்கள் என்பீர்கள். வாங்கலாம்; ஒரே நடையில் அறுபது லிட்டரும் வந்து சேரும், பெரும்பகுதி பகலும் போய்ச் சேரும், போதாக்குறைக்குக் கழுதையும் தண்ணீர் குடிக்கும். தோட்டத்துக்கு நான் இன்னும் ஒரு சொட்டுகூட ஒதுக்கவில்லை என்பதை அவை கவனிக்க வேண்டும்.

கரையிலேயே கிணறு தோண்டலாமே என்று எதிரணியில் யாரோ முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. தோண்டலாம். தீவின் நிலத்தடியில் நன்னீர், கடல்நீரின் மேல் ஓர் ஆடைபோல மிதந்து கிடக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது மீட்டர் நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் இயலின் பழைய கணக்கு. உள்நாட்டில் தடித்திருக்கும் அந்த ஆடை, கரையை நெருங்க நெருங்க மெலிந்துகொண்டே போகிறது. கரைக்கிணற்றில் கொஞ்சம் அதிகமாக இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். மழைநீரைப் பிடித்து வைக்கலாம் என்றால், அதற்கு முதலில் அகலமான கூரையும் தொட்டியும் வேண்டும். கப்பலிலிருந்து இறங்கும் குடும்பத்திடம் இல்லாத இரண்டு பொருள்கள் அவை.

மேட்டுநிலம் சொர்க்கம் என்று நான் சொல்ல மாட்டேன். மூட்டை முடிச்சுகளைக் கரையிலிருந்து மேலே ஏற்றுவது முதுகை முறிக்கும் வேலை. காட்டு மாடுகளும் பன்றிகளும் விட்மர்களின் தோட்டத்துக்குள் புகுந்து அழிவு செய்தன. ஆனால் பன்றிக்கு வேலி போடலாம். வறட்சிக்கு என்ன வேலி போடுவது?

எதிரணியின் இரண்டாவது வாதம் உணர்ச்சியைத் தொடுவது. அதற்கு அவை கைதட்டியதையும் கண்டேன். பிரசவ வலி எடுத்த பெண் மருத்துவரில்லாத மேட்டில் என்ன செய்வாள் என்று தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் 1933இல் ஃபுளோரியானாவில் ஒரு மருத்துவர் இருந்தார். 1929இல் பெர்லினிலிருந்து டோரா ஸ்ட்ரௌக் என்ற துணைவியோடு வந்து குடியேறிய ஃபிரீட்ரிக் ரிட்டர்தான் அவர்; பிள்ளை பிறந்த பிறகு மார்கரெட்டுக்கு உதவ வந்தவரும் அவரே. அவர் எங்கே குடியிருந்தார் தெரியுமா? கரையில் இல்லை, நடுவர் அவர்களே. அவரும் உள்நாட்டில் ஓர் ஊற்றைக் கண்டுபிடித்து அதன் பக்கத்தில் தோட்டம் போட்டிருந்தார். துறையில் காத்திருந்தால் மருத்துவர் கிடைப்பார் என்று தலைவர் சொன்னார்; அத்தீவில் இருந்த ஒரே மருத்துவரோ துறையை விட்டுத் தண்ணீரைத் தேடிப் போயிருந்தார்! வரும் நாள் தெரியாத கப்பலை நம்பிக் கரையில் உட்கார்ந்திருப்பது இலவு காத்த கிளியின் கதைதான்.

கரையைத் தேர்ந்தெடுத்தவர்களும் அதே தீவில் இருந்தார்கள். 1920களின் நடுவில் நார்வேக்காரர்கள் சிலர் அஞ்சல் விரிகுடா எனப்படும் துறையில் இறங்கி, வீடுகள் அமைத்து, மீன் பதனிடும் ஆலையும் தொடங்கினார்கள். சில ஆண்டுகளுக்குள் அந்தக் குடியேற்றம் கலைந்துபோனது. தண்ணீர் மட்டுமே காரணம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். பணமும் நிர்வாகமும்கூடச் சேர்ந்தே கவிழ்த்தன. ஆனால் நல்ல துறை கையில் இருந்தும் அது அவர்களைத் தாங்கிப் பிடிக்கவில்லை.

டிரிஸ்டன் டா குன்யாவுக்கு வருகிறேன். 1817இல் அங்கிருந்த பிரிட்டிஷ் காவற்படை திரும்பிப்போனபோது, அப்படையைச் சேர்ந்த வில்லியம் கிளாஸ் தம் மனைவி மக்களோடு அங்கேயே தங்கிவிட்டார். அவர் தொடங்கிய ஊர் இன்றும் கடலோரத்தில்தான் நிற்கிறது. உண்மை. ஆனால் அங்கே மலையிலிருந்து இறங்கும் ஓடை அந்த ஊரின் ஊடாகவே ஓடுகிறது. மக்களின் உருளைக்கிழங்கு நிலங்களோ ஊரிலிருந்து ஏறத்தாழ மூன்று மைல் தள்ளி இருக்கின்றன. நிலத்துக்கு நடந்து போகச் சம்மதித்தார்கள், நீருக்கு நடக்க வேண்டிய தேவை அவர்களுக்கு எழவில்லை. ஓடையை அழித்துவிட்டு அந்தத் துறையை மட்டும் சாட்சிக்கூண்டில் நிறுத்தினால் அது எந்த அணிக்குச் சாதகமாகப் பேசும் என்பதைத் தலைவரே யோசிக்கட்டும்.

விட்மர் குடும்பமே பிற்காலத்தில் ஃபுளோரியானாவின் ‘பிளாக் பீச்’ எனப்படும் கறுப்புக் கடற்கரையில் வீடு கட்டிக்கொண்டதே என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் கேட்கத் தயாராக இருக்கலாம். அந்தச் சிரமம் அவருக்கு வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன்: ஆம், கட்டினார்கள். மார்கரெட் 2000ஆம் ஆண்டில் இறக்கும்வரை அத்தீவிலேயே வாழ்ந்தார். தலைப்பில் உள்ள ‘முதலில்’ என்ற சொல்லை மட்டும் அன்புகூர்ந்து மறுபடி படியுங்கள். மேட்டில் வேர் பிடித்த குடும்பம்தான் பின்னர் கரைக்கு இறங்கி வந்தது. இன்று ஃபுளோரியானாவின் சிற்றூர் கரையில்தான் இருக்கிறது. அவ்வூருக்கான தண்ணீரோ அசிலோ தெ லா பாஸ் ஊற்றிலிருந்து குழாய் வழியே கீழே இறங்கி வருகிறது. தீர்ப்பு எழுதும்போது, அந்தக் குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை நடுவர் அவர்கள் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.