குண்டு கனமானால் துப்பாக்கி அதிகம் உதைக்குமா?

[காட்சி: தெருமுனையில் தண்ணீர் லாரி]

மெட்ரோ வாட்டர் லாரிக் குழாயைக் கையில் பிடித்திருக்கிறீர்களா? வால்வைத் திறந்ததும் தண்ணீர் முன்னே பாயும், குழாய் பின்னால் துள்ளும். பிஸ்டல் உதைப்பதும் இதே கணக்குதான். ஆனால் அதில் முன்னே போவது இரண்டு: குண்டு, அப்புறம் அதன் பின்னாலேயே சீறி வரும் வாயு. இந்த இரண்டாவதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

[காட்சி: தராசில் இரண்டு 9 எம்எம் குண்டுகள்]

ஒன்று 115 கிரெயின், இன்னொன்று 147. ஒரு கிரெயின் 0.0648 கிராம், தட்டான் தராசில் வைக்கும் குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. அதாவது ஏழரை கிராம், ஒன்பதரை கிராம்.

இரண்டும் ஒரே வேகத்தில் போனால் கனமானதுதான் அதிகம் உதைக்கும். சரி, ஆனால் போட்டியில் யாரும் அப்படிச் சுடுவதில்லை. ஐபிஎஸ்சி என்ற துப்பாக்கிச் சுடும் போட்டி அமைப்பின் விதிப்படி, குண்டின் கிரெயின் எடையை நொடிக்கு இத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் குறைந்தது 125 வர வேண்டும். 115 கிரெயின் குண்டு அதற்கு 1087 அடி வேகத்தில் பறக்க வேண்டும். 147-க்குச் சுமார் 850 அடி போதும். குண்டு தரும் உதை இரண்டிலும் ஒன்றே.

வித்தியாசம் குண்டைத் தள்ளும் வெடிமருந்தில் இருக்கிறது. எரிந்ததும் மருந்தின் எடை மாயமாகிவிடாது. வாயுவாகி, குண்டை விட வேகமாக வெளியே பாய்கிறது. லேசான குண்டை விரட்ட மருந்து கூடுதலாக வேண்டும். கனமான குண்டோடு சீக்கிரம் எரியும் மருந்தைச் சேர்த்தால் கொஞ்சம் மருந்திலேயே வேலை முடிந்துவிடும். அதனால் மொத்த உதை குறைவது கனமான குண்டில்தான்! கைக்கும் அது அறைவது போல இல்லாமல் தள்ளுவது போலத் தெரியும் என்பார்கள். ஆனால் இந்த மருந்தில் அளவு துளி கூடினாலும் அழுத்தம் எகிறிவிடும், துப்பாக்கியே வெடிக்கலாம். கைக்கணக்கில் செய்யும் வேலை இல்லை இது. இந்தியாவில் 9 எம்எம் தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட வகை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

[காட்சி: குழல் முனையில் காம்பன்சேட்டர்]

காம்பன்சேட்டர் என்பது குழல் முனையில் மாட்டும் துளையுள்ள துண்டு. இது பொருத்திய துப்பாக்கியில் கதையே தலைகீழ். மேலே இருக்கும் துளைகள் வழியாக வாயு சீறும்போது குழல் கீழே அழுத்தப்படும். அதற்கு வாயு நிறைய வேண்டும். எனவே இத்தகைய துப்பாக்கியை அனுமதிக்கும் போட்டிப் பிரிவில் சுடுபவர்கள் லேசான குண்டையும் மெதுவாக எரியும் மருந்தையும் வேண்டுமென்றே தேடிப் போகிறார்கள்.